பாசிவ் வாய்ஸ்: 'பட்டது' என்பதை ஓரமாக வைத்துவிட்டு, படிப்படியாக

திருகோணமலையில் என் வீட்டு விறாந்தையில் மாலை வகுப்பு நடக்கிறது. தரம் 10, 11 பிள்ளைகள் வருகிறார்கள். நிலாவெளிப் பக்கம் விடுதிகளில் வேலை செய்யும் இரண்டு மூன்று பேரும் வருகிறார்கள். ஆக்டிவ், பாசிவ் பாடம் தொடங்கினால் முதல் வாரத்தில் எல்லாரும் ஒரே இடங்களில்தான் வழுக்குகிறார்கள். எந்த இடத்தில், ஏன் என்று பார்த்துப் பார்த்து, படிகளின் வரிசையை மாற்றிக்கொண்டேன். அந்த வரிசைதான் இது.

தமிழில் செய்வினை, செயப்பாட்டுவினை என்று சொல்லலாம். ஆனால் ஒருநாள் "இன்றைக்குச் செய்வினையிலிருந்து தொடங்குவோம்" என்று நான் உரக்கச் சொன்னதைக் கேட்டு, பிள்ளையைக் கூட்டிப்போக வந்த அம்மம்மா ஒருவர் படலையிலேயே நின்றுவிட்டார். அதிலிருந்து ஆக்டிவ், பாசிவ்தான்.

ஆங்கில வாக்கியங்களை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். வாயால் சொல்லிப் பாருங்கள், பிறகு கொப்பியில் ஆங்கில எழுத்தில் எழுதுங்கள்.

1. தொடங்கும் முன் மூன்று தாள்கள்

முதல் தாளில் வினைச்சொற்களின் மூன்று வடிவங்கள். ஸ்டீல், ஸ்டோல், ஸ்டோலன். ரைட், ரோட், ரிட்டன். செல், சோல்ட், சோல்ட். முந்நூறு வினை வேண்டாம், நாற்பது போதும். ஆனால் அந்த நாற்பதும் தூக்கத்தில் கேட்டாலும் வர வேண்டும். பாசிவ் வாக்கியம் எதிலும் மூன்றாம் வடிவம் இல்லாமல் வேலை நடக்காது. அது தெரியாமல் விதியைப் படிப்பது, வலை இல்லாமல் வள்ளத்தில் ஏறுவது போல.

இரண்டாம் தாளில் எட்டே சொற்கள்: ஆம், இஸ், ஆர், வாஸ், வேர், பி, பீயிங், பீன். இந்த எட்டும் ஒரே வினையின் வேடங்கள். இந்தக் குடும்பத்தைப் 'பி' என்றே அழைக்கிறேன்.

மூன்றாம் தாளில் ஐ–மீ, ஹி–ஹிம், ஷி–ஹெர், வீ–அஸ், தே–தெம். இது பலருக்குத் தெரியும், ஆனாலும் எழுதி வையுங்கள். அவசரத்தில் தவறுவது இதுதான்.

2. முதலில் தமிழில் காதைத் தீட்டுங்கள்

'விற்கப்பட்டது', 'பூட்டப்பட்டது' என்று சொல்லித்தான் எல்லாரும் பாசிவைத் தொடங்குகிறார்கள். நானும் பல காலம் அப்படித்தான் தொடங்கினேன். பிரச்சினை என்னவென்றால் வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. மீன் சந்தைக்குப் போய்ப் பாருங்கள். "பாரை இருக்கா?" என்றால் "வித்தாச்சு" என்பார்கள். "விற்கப்பட்டுவிட்டது" என்று ஒருவர் சொன்னால் அவரை உற்றுப் பார்ப்போம்.

அந்த 'வித்தாச்சு'தான் நம்முடைய உண்மையான பாசிவ். யார் விற்றார் என்பது அதில் இல்லை, மீனுக்கு என்ன ஆனது என்பது மட்டும் இருக்கிறது. 'கேட் பூட்டியிருக்கு', 'லைட் போட்டிருக்கு', 'சோறு ஆக்கியாச்சு' எல்லாம் இதே வகை. செய்தவரை விட்டுவிட்டுப் பொருளின் நிலையைச் சொல்கிறோம். ஆங்கிலப் பாசிவ் செய்வதும் அதைத்தான்: 'த கேட் இஸ் லாக்ட்', 'த ஃபிஷ் ஹேஸ் பீன் சோல்ட்'. ஒரு நாள் முழுக்க வீட்டில் காதில் விழும் இப்படியான பேச்சைப் பத்து வரி எழுதி வாருங்கள் என்றுதான் முதல் வேலையாகக் கொடுப்பேன்.

'பட்டது' என்ற சொல்லை நம்பினால் இன்னொரு பக்கமும் அடி விழும். தமிழில் 'படு' வருகிற எல்லாமே பாசிவ் அல்ல. கஷ்டப்பட்டேன், கவலைப்பட்டேன், ஆசைப்பட்டேன் என்பவற்றில் எனக்கு யாரும் எதையும் செய்யவில்லை, எனக்கே நேர்ந்தது. இதைப் பிரித்துப் பார்க்காத ஒரு பையன் 'ஐ வாஸ் வான்டட் எ நியூ பைசிக்கிள்' என்று எழுதினான். புது சைக்கிளுக்கு ஆசைப்பட்டேன் என்று சொல்ல வந்தவன், பொலிஸ் தேடும் ஆள் போல ஆகிவிட்டான். சரியான வாக்கியம் வெறுமனே 'ஐ வான்டட் எ நியூ பைசிக்கிள்'.

3. 'எதை? யாரை?' என்று கேளுங்கள்

ஆக்டிவ் வாக்கியம் கையில் கிடைத்ததும் பென்சிலை எடுத்து வினைக்குக் கீழே கோடு போடுங்கள். அதைப் பார்த்து 'எதை?' அல்லது 'யாரை?' என்று கேளுங்கள். விடை வந்தால் அதை வட்டமிடுங்கள். விடை வராவிட்டால் பேனையை மூடிவிடலாம், அந்த வாக்கியத்துக்குப் பாசிவ் கிடையாது.

'மை அங்கிள் காட் எ டூனா.' எதைப் பிடித்தார்? எ டூனா. சரி, தொடரலாம். 'த பஸ் லெஃப்ட் அட் சிக்ஸ்.' எதை? ஒன்றுமில்லை. 'அட் சிக்ஸ்' என்பது 'எப்போது' என்ற கேள்விக்கான விடை. இங்கேயே நிறுத்துங்கள்.

இந்தப் படியைத் தாண்டி ஓடுபவர்கள்தான் 'த ஆக்சிடென்ட் வாஸ் ஹேப்பன்ட்', 'ஹிஸ் கிராண்ட்ஃபாதர் வாஸ் டைட்' என்று எழுதுகிறார்கள். விபத்து தானாக நடக்கிறது, அதை யாரும் 'நடப்பதில்லை'. ஹேப்பன், டை, அரைவ், கம், கோ, ஸ்லீப், ஃபால் ஆகியவற்றை ஒரு சிவப்புத் தாளில் எழுதி மேசைக்கு மேலே ஒட்டுங்கள். இவை பாசிவ் வீட்டுக்குள் வராதவை.

ஒரு எச்சரிக்கை. தமிழில் 'ஐ' உருபைத் தேடி இந்த வேலையைச் செய்யாதீர்கள். 'மீன் பிடித்தார்' என்று 'ஐ' இல்லாமலே சொல்கிறோம், ஆனால் மீன்தான் அங்கே செயப்படுபொருள். உருபைப் பார்க்காமல் கேள்வியைக் கேளுங்கள்.

'ஹேவ்' என்ற வினையும் ஏமாற்றும். 'ஹி ஹேஸ் எ போட்.' எதை வைத்திருக்கிறார்? போட்டை. விடை வருகிறதே என்று 'எ போட் இஸ் ஹேட் பை ஹிம்' என்று எழுதினால் யாருக்கும் விளங்காது. உடைமையைச் சொல்லும் 'ஹேவ்' மாறாது.

4. எதையும் நகர்த்து முன் காலத்தைக் குறியுங்கள்

வாக்கியத்தின் தலைக்கு மேலே சின்னதாக எழுதுங்கள்: நிகழ்காலமா, இறந்தகாலமா, நடந்துகொண்டிருப்பதா, முடிந்ததா. சொற்களை இடம் மாற்றத் தொடங்கிவிட்டால் வினையின் பழைய உருவம் போய்விடும். பிறகு எந்தக் காலம் என்று தேடினால் கிடைக்காது. என் வகுப்பில் பிழையான விடைகளில் பெரும்பகுதி இந்த ஒரு குறிப்பை எழுதாததால் வருபவைதான்.

கட், புட், ஹிட் போன்றவை மூன்று வடிவத்திலும் ஒரே மாதிரி இருக்கும். 'ஷி கட்ஸ் த ஃபிஷ்' என்றால் வால் போல ஒட்டியிருக்கும் 'ஸ்' நிகழ்காலத்தைக் காட்டிக் கொடுக்கிறது. 'ஷி கட் த ஃபிஷ்' என்றால் அந்த வால் இல்லை, ஆகவே இறந்தகாலம். 'தே கட் த ஃபிஷ்' என்று வந்தால் இரண்டும் பொருந்தும். அப்போது 'எஸ்டர்டே', 'எவ்ரி டே' போன்ற சொல் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

5. வட்டமிட்டதை முன்னால் கொண்டு வாருங்கள்

இப்போதுதான் இடமாற்றம். 'மை ஃபாதர் மென்ட்ஸ் த நெட்ஸ்.' எதை? த நெட்ஸ். அதை முன்னால் எழுதிவிட்டு நில்லுங்கள். இனி வரப்போகும் வினை அப்பாவைப் பார்க்காது, வலைகளைத்தான் பார்க்கும். வலைகள் பன்மை, ஆகவே 'ஆர்': 'த நெட்ஸ் ஆர் மென்டட் பை மை ஃபாதர்.'

'மென்ட்ஸ்' ஒருமைக்குரிய வினை என்ற ஞாபகத்தில் 'த நெட்ஸ் இஸ்' என்று எழுதிவிடுகிறார்கள். கண் பழைய வாக்கியத்திலேயே நிற்கிறது. எழுவாயை எழுதியதும் பழைய வாக்கியத்தை விரலால் மூடுங்கள் என்பேன். சின்னப்பிள்ளைத் தனமாகத் தெரியும், ஆனால் பலிக்கும்.

ஃபோர்ட் ஃபிரெடெரிக் கோட்டை வாசலில் திரியும் மான்களை வைத்து ஒரு வாக்கியம்: 'டூரிஸ்ட்ஸ் ஃபீட் த டியர்.' டியர் என்ற சொல் ஒருமையிலும் பன்மையிலும் அப்படியேதான் இருக்கும். ஒரு மானா, கூட்டமா என்று நாம்தான் தீர்மானிக்க வேண்டும். அங்கே ஒன்று தனியாக நிற்பதை நான் அதிகம் கண்டதில்லை, ஆகவே 'த டியர் ஆர் ஃபெட் பை டூரிஸ்ட்ஸ்.'

6. சட்டை மாற்றும் படி

முழுப் பாடத்திலும் கனமான இடம் இது. பன்னிரண்டு காலத்துக்கும் பன்னிரண்டு சூத்திரம் என்று மனப்பாடம் செய்யத் தொடங்கினால் பரீட்சை மண்டபத்தில் எல்லாம் கலந்துவிடும். ஒரே ஒரு விதி போதும்: முதன்மை வினை தான் போட்டிருக்கும் சட்டையைக் கழற்றிப் 'பி'க்குக் கொடுக்கிறது. பிறகு தான் எப்போதும் மூன்றாம் வடிவச் சட்டையைப் போட்டுக்கொள்கிறது. பக்கத்தில் நிற்கும் வில், ஹேஸ், மஸ்ட் போன்ற துணைவினைகள் நின்ற இடத்திலேயே நிற்கும். அவை எழுவாய்க்கு ஏற்ப ஹேஸ்–ஹேவ் என்று மாறலாம், அவ்வளவுதான்.

'ஹி செல்ஸ் த ஃபிஷ்' என்ற ஒரே வாக்கியத்தை எல்லாக் காலத்திலும் ஓட்டிப் பார்ப்போம்.

செல்ஸ் என்பது நிகழ்காலச் சட்டை. அதைப் பி போட்டால் 'இஸ்'. ஆகவே 'இஸ் சோல்ட்'.

சோல்ட் என்பது இறந்தகாலச் சட்டை. பி போட்டால் 'வாஸ்'. 'வாஸ் சோல்ட்'.

இஸ் செல்லிங். இங்கே 'இஸ்' துணை, அது நிற்கட்டும். 'செல்லிங்' போட்டிருப்பது 'இங்' சட்டை. பி அதைப் போட்டால் 'பீயிங்'. 'இஸ் பீயிங் சோல்ட்'. வாஸ் செல்லிங் என்றால் 'வாஸ் பீயிங் சோல்ட்'.

ஹேஸ் சோல்ட். 'ஹேஸ்' நிற்கட்டும். 'சோல்ட்' இங்கே மூன்றாம் வடிவம். பியின் மூன்றாம் வடிவம் 'பீன்'. 'ஹேஸ் பீன் சோல்ட்'. 'ஹேட்', 'வில் ஹேவ்' என்று வந்தாலும் இப்படித்தான்.

வில் செல், கேன் செல், மஸ்ட் செல். 'செல்' எந்தச் சட்டையும் இல்லாமல் வெறும் மேலோடு நிற்கிறது. பியும் அப்படியே நிற்கும். 'வில் பி சோல்ட்', 'கேன் பி சோல்ட்', 'மஸ்ட் பி சோல்ட்'.

'வில் பி செல்லிங்', 'ஹேஸ் பீன் செல்லிங்' ஆகியவற்றை மாற்றப் பாடுபட வேண்டாம். மாற்றினால் பியும் பீயிங்கும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கும், நடைமுறையில் அப்படி யாரும் பேசுவதில்லை.

நம் காதுக்குப் பீயிங்கும் பீனும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை. 'த ரோட் இஸ் பீன் ரிப்பேர்ட்' என்ற பிழை அதனால்தான் வருகிறது. முன்னால் நிற்கும் சொல்லைப் பாருங்கள். ஹேஸ், ஹேவ், ஹேட் நின்றால் பீன். இஸ், ஆர், வாஸ், வேர் நின்றால் பீயிங். வேறு கணக்கு இல்லை.

7. மூன்றாம் வடிவத்துக்குக் காலம் இல்லை

வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டாள்: "சேர், நாளைக்கு விக்கப்போற மீன்தானே. பிறகு ஏன் 'வில் பி சோல்ட்'? சோல்ட் என்றால் வித்தது எல்லோ?"

நல்ல கேள்வி. எனக்கே விடை உடனே வரவில்லை. பிறகு அவளிடம் கேட்டேன், "நாளைக்கு மத்தியானம் என்ன சாப்பாடு?"

"பொரிச்ச மீன், சேர்."

"நாளைக்குத்தானே? பிறகு ஏன் 'பொரிச்ச'?"

சிரித்துவிட்டாள். 'பொரிச்ச மீன்' என்பதில் 'பொரிச்ச' நேற்றைய கதையைச் சொல்லவில்லை, மீன் எந்த நிலையில் தட்டுக்கு வரும் என்பதைச் சொல்கிறது. ஆங்கிலத்தின் மூன்றாம் வடிவமும் அதே வேலையைத்தான் செய்கிறது. காலம் முழுவதும் முன்னால் நிற்கும் சொற்களின் பொறுப்பு.

இது விளங்கினால் 'வாஸ் ஸ்டோல்', 'வாஸ் ரோட்', 'வாஸ் ப்ரோக்' என்ற பிழைகளும் குறையும். இறந்தகாலம் என்பதால் இரண்டாம் வடிவத்தை எடுக்கிறார்கள். 'வாஸ்' ஏற்கனவே அந்த வேலையை முடித்துவிட்டது, இரண்டாம் வடிவத்துக்கு அங்கே இடமே இல்லை.

'வாஸ் ஈட்டிங்', 'வாஸ் ஈட்டன்' இரண்டையும் குழப்புபவர்களும் உண்டு. 'த சிக்கன் வாஸ் ஈட்டிங்' என்றால் கோழி தின்றுகொண்டிருந்தது. 'த சிக்கன் வாஸ் ஈட்டன்' என்றால் கோழியைத் தின்றாகிவிட்டது. கோழிக்கு இது சின்ன வித்தியாசம் இல்லை.

8. 'பை' வேண்டுமா?

கடைசியாகத்தான் செய்தவரைப் பற்றி யோசிக்க வேண்டும். பாடப் பயிற்சியில் எல்லா வாக்கியத்துக்கும் 'பை' போட்டுப் பழகியதால், எழுதும்போதும் போட்டுவிடுகிறார்கள். 'மை பைசிக்கிள் வாஸ் ஸ்டோலன் பை எ தீஃப்.' திருடியவர் திருடன்தானே, அதைச் சொல்வானேன்? 'மை பைசிக்கிள் வாஸ் ஸ்டோலன்' போதும். சம்வன், பீப்பிள், தே என்று ஆக்டிவில் வந்தால் பாசிவில் பெரும்பாலும் விட்டுவிடலாம்.

செய்தவரைச் சொன்னால் புதிதாக ஒரு செய்தி கிடைக்கிறதா என்று பாருங்கள். கிண்ணியாப் பாலத்தைப் பற்றி 'த ப்ரிட்ஜ் வாஸ் ஓபன்ட் இன் 2009' என்று எழுதினால் போதும், ஆண்டுதான் அங்கே செய்தி. கோட்டையைப் பற்றி எழுதும்போது அப்படி முடியாது. 'த ஃபோர்ட் வாஸ் பில்ட் பை த போர்ச்சுகீஸ். இட் வாஸ் கேப்சர்ட் பை த பிரிட்டிஷ் இன் 1795.' இங்கே 'பை'யை வெட்டினால் கதையே போய்விடும். கை மாறிக் கை மாறி வந்த கோட்டை அது, யார் கை என்பதுதான் விஷயம். 1942 ஏப்ரலில் துறைமுகத்தில் குண்டு விழுந்ததை எழுதும்போதும், 'பை ஜாப்பனீஸ் ப்ளேன்ஸ்' என்பதை வைத்திருப்பேன்.

'பை'க்குப் பிறகு மூன்றாம் தாளைப் பாருங்கள்: பை மீ, பை ஹிம், பை தெம். 'பை ஐ', 'பை ஹி' வராது.

கருவிக்கு 'வித்'. 'த ஃபிஷ் வாஸ் கட் வித் எ நைஃப்.' தமிழில் 'கத்தியால்', 'அம்மாவால்' இரண்டுக்கும் ஒரே 'ஆல்' வருவதால் 'பை எ நைஃப்' என்று கை தானாகப் போகும். ஆளுக்குப் பை, ஆளின் கையில் இருக்கும் பொருளுக்கு வித்.

9. கேள்வியும் மறுப்பும்

நிலாவெளி விடுதி ஒன்றில் வரவேற்பு மேசையில் இருக்கும் தங்கச்சி ஒருவர் கேட்டார்: புறாத்தீவுக்குப் போகும் படகுப் பயணம் ரத்தா என்று வெள்ளைக்காரர் கேட்கிறார், 'டிட்' போட்டுப் பதில் சொல்வதா, 'வாஸ்' போட்டா?

ஆக்டிவில் 'தே டிட் நாட் கேன்சல் த ட்ரிப்' என்று 'டிட்' வருகிறது, ஏனென்றால் கேன்சல் என்ற வினை தானாக மறுப்போ கேள்வியோ ஆகாது, உதவிக்கு ஆள் வேண்டும். பிக்கு உதவி வேண்டாம். ஆகவே பாசிவில் டூ, டஸ், டிட் மூன்றும் மறைந்துவிடும்: 'த ட்ரிப் வாஸ் நாட் கேன்சல்ட்.' கேள்வியென்றால் 'வாஸ்' முன்னால் போகும்: 'வாஸ் த ட்ரிப் கேன்சல்ட்?' 'டிட் த ட்ரிப் வாஸ் கேன்சல்ட்' என்று இரண்டையும் சேர்த்துவிடுவதுதான் வழக்கமான பிழை.

கட்டளை வாக்கியத்துக்கு 'லெட் த டோர் பி க்லோஸ்ட்' என்ற வடிவம் பயிற்சிப் புத்தகங்களில் இருக்கும். பரீட்சைக்குத் தெரிந்து வையுங்கள். கதவைச் சாத்தச் சொல்லி யாரிடமும் அப்படிப் பேசாதீர்கள்.

10. இரண்டு பொருள் இருந்தால்

'ஷி கேவ் மீ எ டிக்கெட்.' எதை? டிக்கெட்டை. யாருக்கு? எனக்கு. ஆங்கிலத்தில் இரண்டில் எதையும் முன்னால் கொண்டு வரலாம், ஆனால் ஆளை முன்னால் வைப்பதே இயல்பு: 'ஐ வாஸ் கிவன் எ டிக்கெட்.' தமிழில் 'எனக்கு' என்பது முன்னால் வந்தாலும் 'எனக்கு'தான். அதனால் 'டு மீ வாஸ் கிவன்' என்று தொடங்கிவிடுவார்கள். முன்னால் வந்தவர் ஆங்கிலத்தில் எழுவாய், ஆகவே 'ஐ'.

11. எங்கே மாற்றுவது, எங்கே விட்டுவிடுவது

அதே விடுதித் தங்கச்சி ஒருமுறை விருந்தினருக்கு 'யூ ஹேவ் நாட் பெய்ட் த பில்' என்று செய்தி எழுதிக் காட்டினார். பிழை இல்லை. ஆனால் விரலை நீட்டிப் பேசுவது போல இருக்கிறது. 'த பில் ஹேஸ் நாட் பீன் பெய்ட்' என்றால் குற்றம் பில்லில் நிற்கும், ஆளிடம் போகாது. முறைப்பாடு, நினைவூட்டல், அறிவித்தல் எழுதும்போது பாசிவ் இப்படி உதவும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. 'ஐ லவ் மை மதர்' என்பதை 'மை மதர் இஸ் லவ்ட் பை மீ' என்று மாற்றினால் இலக்கணம் சரி, ஆனால் அம்மா கேட்டால் ஒரு மாதிரிப் பார்ப்பார். பயிற்சிக்கு மட்டும் மாற்றுங்கள்.

12. செய்து பாருங்கள்

விடையைப் பார்க்காமல் ஆறையும் மாற்றுங்கள். வட்டம், காலக் குறிப்பு, எழுவாய், பி, மூன்றாம் வடிவம், பை என்ற வரிசையை விடாதீர்கள்.

ஷி லாக்ஸ் த கேட்ஸ்.
எ டாக் பிட் மை பிரதர்.
தே ஆர் பெயின்டிங் த போட்.
சம்வன் ஹேஸ் டேக்கன் மை அம்ப்ரெல்லா.
யூ மஸ்ட் ரைட் யுவர் நேம்ஸ் ஹியர்.
ஷி பிகேம் எ டீச்சர்.

முதல் ஐந்துக்கும் விடை: த கேட்ஸ் ஆர் லாக்ட் பை ஹெர். மை பிரதர் வாஸ் பிட்டன் பை எ டாக். த போட் இஸ் பீயிங் பெயின்டட். மை அம்ப்ரெல்லா ஹேஸ் பீன் டேக்கன். யுவர் நேம்ஸ் மஸ்ட் பி ரிட்டன் ஹியர்.

ஆறாவதுக்கு 'எ டீச்சர் வாஸ் பிகம் பை ஹெர்' என்று எழுதியிருந்தால் மூன்றாம் படிக்குத் திரும்புங்கள். 'எதை ஆனாள்?' என்று தமிழில் ஒருமுறை சத்தமாகக் கேளுங்கள். அந்தக் கேள்வியே நொண்டுகிறது, ஏனென்றால் அவளும் டீச்சரும் ஒரே ஆள்.